யாருக்கும் தேவையில்லை என்று நீக்கிய கோப்பு

பண்டாரவளை ரயில் நிலையத்திலிருந்து சந்தைப் பக்கம் இறங்கும் தெருவில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் ஸனூஸின் கணினி திருத்தும் கடை இருக்கிறது. அவரைப் பதுளைக்காரர் என்று சிலர் சொல்வது சரியல்ல. அவர் பிறந்தது ஹல்துமுல்லையில், 1979ஆம் ஆண்டு. வானொலி, தொலைக்காட்சி திருத்தக் கற்றுக்கொண்ட காலத்தில் மட்டும் பதுளையில் தங்கியிருந்தார். என்னிடம் இருந்த பழைய மழைக் கணக்குகளைக் கணினியில் ஏற்றுவதற்காக அவரிடம் போகத் தொடங்கினேன். பிறகு வேலை இல்லாவிட்டாலும் போய் உட்காரும் பழக்கம் வந்துவிட்டது. இங்கே எழுதுவதில் பெரும்பகுதி அவர் வாயால் சொன்னது. நல்லையா என்பவரின் வீட்டில் நடந்ததை, நல்லையாவின் மகள் கலாராணியிடமும் கேட்டுச் சரிபார்த்திருக்கிறேன்.

ஸனூஸின் தகப்பனார் புடவை மூட்டையைத் தலையில் சுமந்து தேயிலைத் தோட்டம் தோட்டமாக விற்றவர். பள்ளி விடுமுறையில் மகனையும் கூட்டிப் போவார். அதனால் கொஸ்லந்தையிலிருந்து பூனாகலை வரை எந்தத் தோட்டத்து லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, எந்த வழியாக ஏறுவது என்று ஸனூஸுக்குத் தெரியும். வயதான பெண்கள் இன்றும் அவரைப் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. "பொடவக்கார நானா மகன் கட எங்க?" என்றுதான் கீழே துணிக்கடையில் விசாரிப்பார்கள். நானா என்றால் இங்கே முஸ்லிம் அண்ணன். துணிக்கடைக்காரருக்கு அது எரிச்சல். புடவை வாங்க வந்தவர்கள் என்று நினைத்து எழுந்து நிற்பாராம்.

தொலைக்காட்சிப் பெட்டி திருத்தும் வேலை குறைந்ததும் அவர் கணினிக்கு மாறினார். தோட்டப்புறத்துக்கு வரும் கணினிகள் பெரும்பாலும் யாரோ பாவித்து முடித்து நன்கொடையாகக் கொடுத்தவை. அவற்றில் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தால் இன்னும் சில வருடம் ஓடும். அதை அவர் தானாகவே படித்துக்கொண்டார். விளங்காததை இணையத்தில் முகம் தெரியாதவர்களிடம் கேட்டார்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கணினி வந்தாலும் முதலில் உரியவரின் படங்கள், கடிதங்கள், பாட்டுகள் எல்லாவற்றையும் வேறொரு வட்டில் பிரதி எடுத்து வைப்பார். பிறகுதான் திருத்தத் தொடங்குவார். அரை மணி நேரத்தில் முடியும் வேலைக்கு இரண்டு நாள் சொல்வார். கல்யாணப் பேச்சு மாதிரி இழுக்கிறீர்களே நானா என்று வாடிக்கையாளர்கள் கேலி செய்வார்கள். கல்யாணப் பேச்சில் அவசரப்பட்டவர்களைத் தனக்குத் தெரியும் என்று பதில் சொல்வார். அந்த வழக்கத்தால் அவரிடம் கொடுத்த கணினியில் ஒரு படம் தொலைந்தது என்று ஒருவரும் சொன்னதில்லை. 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலும் அவர் அந்த வழக்கத்தை மீறவில்லை.

அந்த மாதம் கலாராணி ஒரு மடிக்கணினியைக் கொண்டுவந்தாள். அவள் பண்டாரவளையில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். வீடு பூனாகலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயம். கணினி அவளுடைய அண்ணன் சதீஸ்குமாருடையது. அவன் கொழும்பில் ஒரு கணினி அலுவலகத்தில் வேலை செய்துவந்தான். அதற்கு முந்திய ஆண்டு டெங்குக் காய்ச்சலில் இறந்துபோனான். வயது இருபத்தெட்டு. கணினி ரொம்ப மந்தமாகிவிட்டது, திறந்தால் பழையதாகிவிட்டது, புதுப்பிக்க வேண்டும் என்று ஏதோ திரும்பத் திரும்பக் கேட்கிறது என்றாள். அண்ணனுடைய படங்கள் பத்திரம் என்று மட்டும் இரண்டு தரம் சொன்னாள்.

ஸனூஸ் வழக்கம்போல எல்லாவற்றையும் பிரதி எடுத்தார். லினக்ஸின் புதிய பதிப்பைப் போட்டார். அப்படிப் புதுப்பித்து முடிந்ததும், இனி யாருக்கும் தேவையில்லாத பழைய நிரல் பொதிகள் இவை, நீக்கவா என்று கணினி கேட்கும். அந்தத் தொழிலில் உள்ள எல்லோரும் ஆம் என்பார்கள். வட்டில் இடம் மிச்சமாகும். ஸனூஸும் ஆம் என்றார். படங்கள் திறக்கின்றனவா, பாட்டு ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, இப்போது குதிரை மாதிரி ஓடும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த நாள் காலையில் கலாராணி வேலைக்குப் போகும் முன்பே கடை வாசலில் நின்றாள். "நானா, அது பேச மாட்டேங்குது" என்றாள்.

என்ன பேசவில்லை என்று ஸனூஸுக்கு விளங்கவில்லை. அவள் சொன்ன பிறகுதான் அந்தக் கணினி எதற்காக அந்த வீட்டில் இருந்தது என்று தெரிந்தது.

அவளுடைய அப்பா நல்லையா தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தட்டுகளில் வேலை செய்தவர். சீனி வருத்தம் என்னும் நீரிழிவில் இரண்டு கண்ணும் போய்விட்டது. மனைவி கொழுந்து எடுக்கப் போனதும், மகள் டவுனுக்கு பஸ் ஏறியதும், மாலை வரை அவர் தனியாக இருப்பார். 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் சதீஸ்குமார் பல மாதம் வீட்டில் இருக்க நேர்ந்தது. அப்போது அவன் அப்பாவுக்காக ஒரு நிரல் எழுதினான். 'துணை' என்று அதற்குப் பெயர் வைத்தான். கணினி எப்போதும் திறந்தே இருக்கும். அப்பா விசைப்பலகையின் அடியில் உள்ள நீளமான பட்டனைத் தட்டினால் மணி சொல்லும். அடுத்ததைத் தட்டினால் என்ன கிழமை என்று சொல்லும். மருந்து வேளைக்குத் தானாகவே கூப்பிடும். எல்லாம் அவனுடைய சொந்தக் குரலில். ஒவ்வொரு சொல்லையும் அவனே பேசிப் பதிந்திருந்தான். "அப்பா, மணி பத்து." "அப்பா, மருந்து குடிங்க." மின்சாரம் நின்றால், "அப்பா, கரண்டு போயிருச்சு, பயப்படாதீங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம், எனக்கு எதுக்குடா கரண்டு என்று நல்லையா கணினியைத் திட்டுவாராம். மகன் இருந்தபோதும் திட்டினார், போன பிறகும் திட்டினார். மணி தெரிய வேண்டியதில்லாத நேரத்திலும் பட்டனைத் தட்டுவார். மகன் போன பிறகு அது அதிகமாயிற்று. பக்கத்துக் காம்பராக்காரர்களும், அதாவது லயத்தின் அடுத்த அறைகளில் இருந்தவர்களும், அந்தக் குரலைக் கேட்டுத்தான் அடுப்புப் பற்ற வைத்தார்கள். அந்தக் குரல்தான் இப்போது நின்றுபோயிருந்தது.

ஸனூஸ் வேறு வேலைகளை ஒதுக்கிவிட்டு அன்றே உட்கார்ந்தார். 'துணை' கணினி எழும்பும்போது தானாகத் தொடங்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. அதற்குத் திரையில் சாளரமும் இல்லை, படமும் இல்லை. கண் தெரியாதவருக்கு எழுதியதில் அவை எதற்கு? அதனால் அது தொடங்காமல் நின்றபோது கடையில் எவருக்கும் தெரியவில்லை. இப்போது கறுப்புத் திரையைத் திறந்து, பெயரைத் தட்டெழுதி, கையால் ஓடவிட்டார். ஒரே ஒரு வரி வந்தது. இன்ன பெயருள்ள லைப்ரரியைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு கோப்பு இல்லை.

லைப்ரரி என்பது அவர்கள் தொழிலில் வேறு. அதை ஸனூஸ் எனக்கு விளக்கியது இப்படி. லயத்தில் வீட்டுக்கு வீடு கிணறு கிடையாது. பத்துக் குடும்பத்துக்குத் தண்ணீர் வரும் ஒரு பீலி, எல்லோரும் அங்கேதான் குடம் வைப்பார்கள். அதுபோல, நிரல்கள் எல்லா வேலையையும் தாமே செய்வதில்லை. ஒலியைச் சுருக்குவது, விரிப்பது போன்ற பொது வேலைகளுக்கு ஒரு பொதுக் கோப்பு ஓரிடத்தில் இருக்கும். தேவைப்படும் நிரல் அங்கே போய் எடுத்துக்கொள்ளும். பீலியை எடுத்துவிட்டால் வீடு அப்படியே நிற்கும், உலை மட்டும் ஏறாது.

எந்தெந்த லைப்ரரி அந்த நிரலுக்கு வேண்டும், எவை எங்கே இருக்கின்றன என்று காட்டும் கட்டளை ஒன்று உண்டு. அதைக் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் எதிரே இடம் காட்டியது. ஒன்றுக்கு மட்டும் 'கிடைக்கவில்லை' என்று வந்தது. கோப்பு இருந்தும் கணினி தேடாத இடத்தில் இருக்கக்கூடும். அப்படியானால் இடத்தைச் சொல்லிக் கொடுத்தால் போதும். வட்டு முழுவதும் தேடினார். எங்கும் இல்லை. புதிய பதிப்பில் அதே லைப்ரரி வேறு இலக்கத்தோடு இருந்தது. பலர் அந்தப் புதியதற்குப் பழைய பெயரை ஒட்டிவிட்டு ஓடவிடுவார்கள். சில நேரம் ஓடும், சில நேரம் உள்ளே எல்லாம் குழம்பும். ஸனூஸ் அதை ஒரு பிரதியில் மட்டும் செய்து பார்த்தார். நிரல் தொடங்கியது. பட்டனைத் தட்டியதும் மழை தகரத்தில் விழுவது போல ஓர் இரைச்சல் வந்தது. பெயரை எடுத்துவிட்டார்.

பழைய பதிப்புகளைச் சேமித்து வைக்கும் களஞ்சியம் இணையத்தில் இருக்கிறது. அங்கே தேடி, சரியான இலக்கமுள்ள பழைய லைப்ரரியையே எடுத்தார். இனிச் சரி என்று நினைத்தாராம். நிரல் ஒரு குறையும் சொல்லாமல் தொடங்கியது. ஆனால் குரல் கோப்புகளைத் திறக்கும் இடத்தில், இது எனக்குத் தெரியாத வகை என்று சொல்லி நின்றது.

அப்போதுதான் அவருக்கு உண்மை விளங்கியது. சதீஸ்குமார் அந்த லைப்ரரியை உள்ளபடி பாவிக்கவில்லை. பழைய கணினி, சின்ன வட்டு, நூற்றுக்கணக்கான சொற்கள். இடம் போதாமல் அவன் லைப்ரரியின் உள்ளே கை வைத்து, குரலை இன்னும் சுருக்கும்படி மாற்றியிருக்கிறான். மாற்றிய கோப்பைத் தனியாக ஓரிடத்தில் வைத்திருக்கலாம். அவசரத்திலோ என்னவோ, பழைய கோப்பின் இடத்திலேயே, அதே பெயரில், அதன் மேலேயே போட்டுவிட்டான். இரண்டு வருடத்துக்கு மேல் அது வேலை செய்தது. கணினியின் பதிவில் அது வெறும் பழைய பொதி. அதை நம்பி 'துணை' என்று ஒன்று இருப்பது பதிவில் இல்லை. ஆகவே, யாருக்கும் தேவையில்லை என்று கணினி சொன்னது. நீக்கவா என்று கேட்டது. ஸனூஸ் ஆம் என்றார்.

படங்களும் கடிதங்களும் இருக்கும் பகுதியைத்தான் அவர் பிரதி எடுப்பார். லைப்ரரிகள் இருக்கும் பகுதியை ஒருவரும் பிரதி எடுப்பதில்லை, அதை எப்போதும் புதிதாக எடுத்துக்கொள்ளலாம் என்பதால். குரல் கோப்புகள் ஒவ்வொன்றும் அவரிடம் பத்திரமாக இருந்தன. அவற்றைத் திறக்கக்கூடிய ஒரே கோப்புதான் உலகத்தில் எங்கும் இல்லாமல் போயிருந்தது.

பிறகு அவர் பட்ட பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அழிந்ததை மீட்கும் கருவிகளை ஓடவிட்டார். புதிய பதிப்பு அந்த இடத்தின் மேலேயே எழுதப்பட்டிருந்தது. கொழும்பு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். சதீஸ்குமார் பாவித்த கணினியைத் துடைத்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாக வருத்தத்துடன் சொன்னார்கள். அவன் தங்கியிருந்த அறையில் இருந்த பொருள்கள் ஒரு பெட்டியில் வீட்டுக்கு வந்திருந்தன. கலாராணி அதைக் கொட்டித் தேடினாள். சட்டைகளும் ஒரு சார்ஜரும் இருந்தன. இணையத்தில் ஒருவர் சில குரல் கோப்புகளை வாங்கிப் பார்த்துவிட்டு, அவன் என்ன மாற்றினான் என்று தெரியாமல் தன்னால் முடியாது என்று எழுதினார். அந்த நாள்களில் நான் கடைக்குப் போனால் ஸனூஸ் திரையை விட்டு நிமிரமாட்டார். தேநீர் வரும், ஆறிவிடும்.

ஏப்ரல் மாதம் ஒரு மத்தியானம், குரல் கோப்புகளின் அடைவில், அதாவது கோப்புறையில், வேறொரு சின்ன அடைவைக் கண்டார். தேதி பார்த்தால் மற்றவற்றுக்கெல்லாம் முந்தியது. லைப்ரரியை மாற்றும் முன்பு சதீஸ்குமார் பரீட்சை பார்த்த பதிவுகள். களஞ்சியத்திலிருந்து எடுத்த லைப்ரரியில் அவை திறந்தன.

எனக்கும் போட்டுக் காட்டினார். ஓர் இளைஞனின் குரல். "ஒண்ணு. ரெண்டு. மூணு. சே, மைக் புடிக்கல." பிறகு இருமல். "கலா, ரேடியோவ கொற. கொறடி." ஒரு பெண் ஏதோ சொல்வது தூரத்தில் கேட்கிறது. "சாப்பாடு ரெடியா? வர்றேன், இரு. நாலு. அஞ்சு." அவ்வளவுதான். இப்படி ஒரு பத்துப் பன்னிரண்டு துண்டுகள். ஒன்றிலும் மணி இல்லை, மருந்து இல்லை. ஒன்றிலும் அப்பா இல்லை.

கலாராணி கடையில் வந்து கேட்டாள். தன் பெயர் வந்ததும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மறுபடியும் போடச் சொன்னாள். பிறகு, தயங்கித் தயங்கி, வெட்டி ஒட்ட முடியாதா என்று கேட்டாள். சாப்பாடு என்கிறானே, அதிலிருந்து பாதியை எடுத்து, வேறு எதிலிருந்தாவது ஓர் எழுத்தை எடுத்துச் சேர்த்தால் அப்பா என்று வராதா? ஒரு தரம் கூப்பிட்டால் போதும், அப்பாவுக்கு வித்தியாசம் தெரியாது என்றாள்.

முடியும் என்று ஸனூஸுக்குத் தெரியும். அன்று பின்னேரம் வீட்டில் வைத்து அதைச் செய்தார். அஞ்சு என்பதிலிருந்து முதலெழுத்தை எடுத்தார், சாப்பாட்டிலிருந்து மீதியை எடுத்தார். ஓடவிட்டார். அப்பா என்றது. சமையலறையிலிருந்த அவருடைய மனைவி முஷ்ரிபா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"இன்னொருக்கா போடுங்க" என்றார். கேட்டுவிட்டு, "அந்தப் புள்ள கூப்பிடுற மாதிரி இல்ல. யாரோ கூப்பிட வெச்ச மாதிரி ஈக்குது" என்றார்.

ஸனூஸ் அந்தத் துண்டை அழித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்குப் போனார்.

நல்லையா வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மனைவியும் கலாராணியும் உள்ளே இருந்தார்கள். ஸனூஸ் நின்றபடியே சொன்னார். கணினியில் பழுது வந்தது தானாக அல்ல, தன் கையால் என்றார். எந்தக் கோப்பு, எப்படிப் போனது, ஏன் திரும்பி வராது என்று, பீலியை வைத்து ஒவ்வொன்றாக விளக்கினார். நல்லையா எல்லாம் முடிந்த பிறகு பேசினார்.

"அவன் எனக்குன்னு செஞ்சது. அது ஒங்க மெசினுக்குத் தெரியலையா மொதலாளி?"

"தெரியல ஐயா. அவரு ஒருத்தருக்கும் சொல்லாம போட்டிருந்தாரு."

"சொல்றதுக்கு இங்க யாரு இருந்தா? அவனுக்கு வெளங்குறது எங்களுக்கு வெளங்காது."

ஸனூஸ் பரீட்சைப் பதிவுகளைப் பற்றிச் சொன்னார். கேட்கிறீர்களா என்று கேட்டார். நல்லையா தலையசைத்தார். கணினியை அவருடைய மடியில் வைத்து ஓடவிட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. இருமல். ரேடியோ. சாப்பாடு. உள்ளேயிருந்து தாய் ஓடி வந்து கதவோரம் நின்றார். நல்லையா முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, காதைத் திரையோடு ஒட்டி வைத்துக் கேட்டார். முடிந்ததும் விரல்களால் அந்த நீளமான பட்டனைத் தேடித் தட்டினார். சத்தம் வரவில்லை.

"என்னைய எங்கயாச்சும் கூப்புடுறானா?" என்றார்.

கலாராணி ஸனூஸைப் பார்த்தாள். அந்த ஒரு சொல்லை அவர் கொண்டுவந்திருப்பார் என்று அப்போதும் அவள் நம்பியிருந்ததாக என்னிடம் சொன்னாள்.

"இல்ல ஐயா" என்றார் ஸனூஸ். "இதுல இல்ல."

நல்லையா கொஞ்ச நேரம் கையைக் கணினியின் மேலேயே வைத்திருந்தார். பிறகு, தங்கச்சியோடு சண்டை பிடிக்கிறான், அது அவளுக்கு உள்ளது, அவளிடமே கொடுத்துவிடுங்கள் என்றார். மணி என்ன இருக்கும் என்று மனைவியிடம் கேட்டார். மனைவி பக்கத்துக் காம்பராவில் விசாரித்து வந்து சொன்னார். ஸனூஸ் புறப்படும்போது, தேத்தண்ணி குடிக்காமல் போகக்கூடாது என்று நல்லையா சொன்னார். ஸனூஸ் குடித்துவிட்டுத்தான் வந்தார். கலாராணி அன்று அவரோடு பேசவில்லை. இப்போது பேசுகிறாள்.

பேசும் கைக்கடிகாரம் ஒன்றைப் பின்பு ஸனூஸ் வாங்கிக் கொடுத்தார். அது ஆங்கிலத்தில் மணி சொல்லும். நல்லையா அதைக் கட்டிக்கொள்வதில்லை, ஆணியில் தொங்குகிறது. மாற்றிய லைப்ரரியைத் திரும்ப எழுதும் முயற்சியை ஸனூஸ் விடவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். நான் அவரிடமே கேட்டேன். விட்டுவிட்டார். குரல் கோப்புகளை மட்டும் இரண்டு வட்டுகளில் வைத்திருக்கிறார்.

அவருடைய கடையில் இப்போது ஒரு மாற்றம் உண்டு. கணினியைக் கொண்டுவந்து மேசையில் வைப்பவர்களிடம் என்ன பழுது என்று அவர் முதலில் கேட்பதில்லை. "இத ஒங்களுக்கு யாரு போட்டுத் தந்தது? அவங்க இப்ப ஈக்குறாங்களா?" என்றுதான் கேட்கிறார். அநேகம் பேர் சிரிக்கிறார்கள். பிள்ளை கட்டாரில் இருக்கிறான், மருமகன் கீழே வாகனத்தை நிறுத்திவிட்டு வருகிறார் என்று சொல்கிறார்கள். அபூர்வமாக ஒருவர் சிரிக்காமல் நிற்பார். அப்போது ஸனூஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவரை உட்காரச் சொல்லிவிட்டு, அந்தக் கணினியில் என்னவெல்லாம் செய்வீர்கள், காலையில் எழும்பியதிலிருந்து சொல்லுங்கள் என்று கேட்கத் தொடங்குவார்.